புலியைச் சுட்ட துப்பாக்கி

கூடத்துச் சுவரில் புலித்தலை. அதன் கீழே, மழவராயரின் தாத்தா அதைச் சுட்ட துப்பாக்கி. அந்தத் தெருவுக்கே புலிசுட்டார் தெரு என்றுதான் பெயர். துப்பாக்கியை விற்றுவிட முடிவெடுத்த மழவராயர், விலை மதிப்பதற்குப் பழம்பொருள் வியாபாரி சகாயத்தை வரவழைத்திருந்தார். சகாயம் குழலுக்குள் டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார்.

“அசல்தாங்க ஐயா. அதுலயும் அபூர்வம். செஞ்ச நாள்லேருந்து ஒரு தடவகூட இதுல சுடல. உள்ள ஒரு கீறல் கெடயாது. அதுக்கே நாலு மடங்கு வெல போகும்.”

மழவராயரின் மனைவி புலித்தலையை அண்ணாந்து பார்த்தாள்.

“அப்ப உங்க தாத்தா அந்தப் புலிய என்னதாங்க பண்ணாரு?”

மழவராயர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து சகாயத்தின் காதருகே குனிந்தார்.

“இப்ப ஒரே ஒரு தடவ சுட்டா, எவ்வளவு கொறையும்?”