கணக்குக்கு ஒரு மைனா

மூன்று குட்டிகளை வைத்துக்கொண்டு மழைக்காலத்துக்குப் பயந்திருந்த ஓர் அணில், பொந்தில் சேர்த்த வேர்க்கடலைக்குக் கணக்குப் பார்க்க ஆள் தேடியது. இரண்டு பேர் வந்தார்கள்.

"நீ ஒரு கடலையை எடுக்கும்போதே, மழைக்கு எத்தனை மிஞ்சும் என்று சொல்லிவிடுவேன்," என்றது ஆமை.

"நான் குறுக்கே பேச மாட்டேன். தின்றதையெல்லாம் தேதிவாரியாக நினைவில் வைத்திருந்து, கேட்கும்போது ஒப்பிப்பேன்," என்றது மைனா.

அணில் ஆளுக்கு ஒரு நாள் வைத்துப் பார்த்தது. ஆமை இருந்த அன்று கடலை தொண்டையில் இறங்கவில்லை. அதனால் மைனாவையே வைத்துக்கொண்டது.

மழை பிடித்த மூன்றாம் நாள் குட்டிகள் பசி என்றன. அணில் பொந்தைத் துழாவிவிட்டு மைனாவைப் பார்த்தது.

"மீதி எவ்வளவு?"

"ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கு ஒரு கடலைகூட உதைக்கவில்லை."

அணிலுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சரி, ஒப்பி," என்றது.

"ஆடி மூன்று, முயலுக்கு விருந்து, பதினெட்டு. ஆடி நான்கு, சும்மா கொறித்தது, ஏழு..."

குட்டிகள் எச்சில் ஊறக் கேட்டன. ஒப்பித்து முடிந்ததும், "இன்னொரு தடவை, மாமா," என்றது கடைக்குட்டி.