நார்வே மாமாவின் சுருட்டு

எல்லா நாட்டு ஆஸ்பத்திரிகளும் விவரங்களைப் பகிர்ந்து தேடியதில், வைதேகிக்கு இருந்த மரபணு மாற்றம் உலகத்தில் இன்னும் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் நார்வேயில் மீன் பிடிக்கும் ஓலாஃப். எண்பது வயதிலும் அவருக்குப் புற்றுநோய் வராததால், மதுரை மருத்துவர்கள் அவளுக்கு முன்னெச்சரிக்கையாகச் செய்யவிருந்த மார்பக அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள். அன்றிலிருந்து தினமும், மொழிபெயர்க்கும் வீடியோ போனில் அவரை அழைத்துவிடுவாள்.

“மாமா, அங்க என்ன புகையுது?”

“மீன் சுடுறேன்மா.”

“மீனை வாயில வச்சா சுடுவாங்க? கீழ போடுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான் அறுப்பாங்க.”

ஓலாஃப் சுருட்டை அணைத்தார். “சரி, நீயும் அந்த வடையைக் கீழ வை. பெரு நாட்டுல நம்மள மாதிரியே ஒரு பாப்பா பிறந்திருக்காம். நாளையிலருந்து அவங்கம்மா நம்ம ரெண்டு பேருக்கும் போன் பண்ணுவாளாம்.”

வைதேகி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, பாப்பாவுக்கு என்ன பெயர் என்று கேட்டாள்.