வெறுங்கிண்ணம்

"விக்கிறதுக்கோ பிடுங்கிறியள், அன்ரி?"

லண்டன் பூங்கா அதிகாரி தமிழில் கேட்டதும் கலாவதிக்குப் பாதிப் பயம் போனது. அவள் பை நிறைய நெட்டில் இலை, தொட்டால் சுணைக்கும் காட்டுக்கீரை, இருந்தது.

"இல்லைத் தம்பி. களவெண்டு எழுதிப்போடாதேங்கோ. வயசானவையைப் பாக்கிற கேர் ஹோமிலை துப்புரவு வேலை செய்யிறன், அதுவும் போயிடும்."

பெயர் எழுதத் திறந்த புத்தகத்தோடு அவர் விளக்கினார். "தானா முளைச்சதிலை இலை கிள்ளினால் களவில்லை. வித்தாலோ, பதிலுக்கு ஏதும் வாங்கினாலோதான் களவு. வாங்கிறியளோ?"

கலாவதி தயங்கினாள். "அங்கை ஒரு அம்மாவுக்கு இதிலை தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்து குடுக்கிறன். வேறை ஒண்டும் வாயிலை வையா. வெறுங்கிண்ணம் திருப்பித் தரக்கூடாதெண்டு ஒவ்வொரு முறையும் ஒரு டொபி இனிப்புப் போட்டுத் தருவா. அதுவும் கணக்கோ?"

அவர் சிரித்துவிட்டார். "என்ரை அம்மாவும் அப்பிடித்தான். அயல்வீட்டுக் கிண்ணத்திலை கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் அனுப்புவா. எனக்குக் கீரைக்குள்ளை முட்டையை ஒளிச்சு வைச்சு வாயிலை தீத்திவிடுவா. அது ஒரு காலம்."

"இவவும் அந்த முட்டைக் கதையைத்தான் சொல்லுவா. மகனுக்கு ஷிப்ட் வேலையாம், வர நேரமில்லையாம். ரெண்டு வருசமாச்சு."

"எந்தக் கேர் ஹோம்?"

"எட்மண்டனிலை. மகன் யூனிபோமோடை நிக்கிற படம் கட்டிலடியிலை இருக்கு." கலாவதி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அதிலை உங்களுக்கு மீசை இருக்கு, தம்பி."

அவர் புத்தகத்தை மூடினார். எட்மண்டன் பஸ் நிற்கும் நிறுத்தத்தின் பக்கமாக நடந்து போனார்.