நடுத்துண்டு

"இந்த ஒரு வார்த்தையை மட்டும் அவளுக்குப் பிரிச்சுக் காட்டிராதீங்க, டீச்சர்."

சுயம்புலிங்கம் செல்போனை மேஜைமேல் வைத்தார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மயிலாப்பூர் மாடியொன்றில் இல்லத்தரசிகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் மஹதியைத் தேடி, வியாபார நேரத்தில் வந்திருந்தார். அவர் மனைவி சரோஜாதேவி இரண்டு மாதமாக இங்கே மாணவி.

திரையில் மருத்துவமனை ரிப்போர்ட். அடினோகார்சினோமா.

"அவங்ககிட்ட நீங்க சொல்லலையா?"

வயிற்றில் சாதாரணக் கட்டி, அடுத்த வாரம் ஆபரேஷனோடு தீர்ந்தது என்று சொல்லி வைத்திருக்கிறாராம். டாக்டர் வாயையும் மகன் வாயையும் கட்டியாயிற்று. ரிப்போர்ட் கடையில் வேட்டிக் கட்டுக்கு அடியில் கிடக்கிறது. பயமெல்லாம் இந்த வகுப்பின் மேல்தான்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல போர்டைப் பாத்து நின்னுக்கிட்டு, 'கேஸ்ட்ரோன்னா வயிறு, என்ட்ரோன்னா குடல், லஜின்னா படிப்பு'ன்னு துண்டு போடுதா. நான் துணி கிழிக்கிற வேகம் தோத்துரும்."

மஹதிக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நீள வார்த்தையானாலும் மிரளாதீர்கள், பிரித்தால் எல்லாம் சின்னதுதான் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தவள் அவள். அடினோ, சுரப்பி. ஓமா, கட்டி. நடுவில் இருப்பது புற்று. முதல் துண்டையும் கடைசித் துண்டையும் வாய்விட்டுச் சொன்னவள், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அந்த நடுத்துண்டுதான் டீச்சர். அவ என்னிக்காவது கொண்டுவந்தா வேற அர்த்தம் ஏதாவது சொல்லிருங்க. ஆபரேஷனுக்கு அவ சிரிச்ச முகமா போவணும். எனக்காக ஒரே ஒரு பொய்."

மஹதி செல்போனை அவர் பக்கமாக நகர்த்தினாள். பிறகு, "சரி, சொல்றேன்" என்றாள்.

கைகூப்பிவிட்டு அவர் படியிறங்கிய சத்தத்திலேயே பாரம் குறைந்திருந்தது.

மேஜையில் அடுக்கியிருந்த நோட்டுகளிலிருந்து சரோஜாதேவியின் நோட்டை உருவினாள் மஹதி. போன செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அதே வார்த்தை, பென்சில் கோட்டால் மூன்றாக வெட்டப்பட்டிருந்தது. நடுத்துண்டின் கீழே, தடுமாறாத கையெழுத்தில், 'புற்று'.

அன்றைக்கு அதை எழுதிவிட்டு சரோஜாதேவி கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "வேட்டிக் கட்டை நான் பிரிச்சது அவுகளுக்குத் தெரிய வேண்டாம், டீச்சர். என்னிக்காவது வந்து பொய் சொல்லச் சொல்லுவாக, சரின்னு சொல்லிருங்க. அவுகளாவது தூங்கட்டும்."