பக்கத்துக் கட்டிலின் பை

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் லாரி ஓட்டி, முதுகுவலி மாத்திரையை மிட்டாய்போல் விழுங்கியவருக்குச் சிறுநீரகம் திடீரென்று மக்கர் செய்தது. சாயங்காலத்துக்குள் சிறுநீர் பிரியாவிட்டால் டயாலிசிஸ் என்றார் டாக்டர். மனைவி அவருடைய காலிச் சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு நர்ஸ் வந்தபோது, ஆளில்லாத பக்கத்துக் கட்டிலில் மாட்டிவைத்திருந்த புதுப் பையில் முந்நூறு மில்லி இருந்தது.

"இது யாரோடதும்மா?"

"இவரோடதுதான் சிஸ்டர். வண்டியையே பக்கத்து வீட்டு வாசல்லதான் நிறுத்துவாரு."

நர்ஸ் அந்த முந்நூறை அவருடைய அட்டையில் எழுதிக்கொண்டாள். மறுநாள் ரத்தத்தில் ஏறியிருந்த கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு இறங்கியிருந்தது.

இப்போது வீட்டில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். கழிவறைக்குப் போவதேயில்லை. பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டுக் கழிவறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனைவி நோட்டில் ஒரு கோடு போடுகிறாள்.

"இன்னைக்கு ஏழு," என்கிறாள் நிம்மதியாக.