பெல்ட் சத்தம்

தெருமுனையில் காரை ஓரங்கட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

அணைப்பதற்கு எஞ்சின் கிடையாது. பேட்டரி கார். நின்றாலும் ஓடினாலும் அதற்கு ஒரே மௌனம்தான்.

ஆறு பத்து. மயில்சாமியை இன்னும் காணோம்.

எட்டு வீடு தள்ளி அவள் வீடு. உள்ளே அவள் கணவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பகல் துணைக்கு வரும் பாப்பாத்தி அவருக்குத் தலை வாரிவிட்டிருப்பாள். இரண்டு வருடமாக மறதி நோய். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

அவளைத்தான் மறந்துவிட்டார். அது இருபது நாள் முன்புதான் அவளுக்குத் தெரிந்தது.

எதை வாங்குவதானாலும் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, நல்லது ஒரு பக்கம் கெட்டது ஒரு பக்கம் எழுதுவது அவர் வழக்கம். மிக்சி வாங்கும்போது எழுதினார். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்றும் எழுதினாராம். கெட்டது பக்கம் என்ன இருந்தது என்று அவர் சொன்னதேயில்லை. இனிச் சொல்லவும் மாட்டார்.

கார் மாற்றும்போது அவளே கோடு போட்டாள். கெட்டது: விலை, சார்ஜ் ஏற நேரம், வெளியூர் போனால் திண்டாட்டம். நல்லது: பெட்ரோல் செலவில்லை, புகையில்லை, முழங்கால் வலியோடு கிளட்ச் மிதிக்க வேண்டாம்.

கடைசியாக, சத்தம் இல்லை.

அதற்கு அடிக்கோடும் போட்டாள். பழைய கார் அப்படி. வீட்டுக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அதன் எஞ்சின் பெல்ட் கீச்சென்று கத்தும். தெருவே திரும்பிப் பார்க்கும்.

அந்தக் காரை நாலு வீடு தாண்டி இருக்கும் மயில்சாமிக்கே விற்றாள்.

புதுக் கார் வந்த முதல் நாள், உள்ளே போய் அவர் முன்னால் நின்றாள். வழக்கமாக முகமெல்லாம் மலர்ந்து "வந்துட்டியா" என்பார்.

அன்று நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. வீட்டுக்காரி இன்னும் வரலீங்க."

உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மயில்சாமி மில்லிலிருந்து திரும்பினான். வேகத்தடையில் கீச்சென்றது.

அவர் முகம் மலர்ந்தது. யாருமில்லாத வாசலைப் பார்த்து, "வந்துட்டியா" என்றார்.

அவள் அழுதாள். வீட்டுக்கு வந்த அம்மாள் எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் அவர் சங்கடப்பட்டார்.

மறுநாளிலிருந்து இந்தத் தெருமுனை. மயில்சாமி கடந்ததும் அவன் பின்னாலேயே போவாள். சத்தம் அடங்கிய கையோடு வாசற்படியில் நிற்பாள். ஒருநாளும் பிசகவில்லை.

இதோ வந்துவிட்டான். ஆனால் கடந்து போகாமல் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"டீச்சர், நானும் கரண்டு வண்டிக்கே மாறிரலாமான்னு பாக்கறனுங்க. நல்லாருக்குதுங்களா?"

முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள், மூச்சுவிடாமல் சொன்னாள். சார்ஜ் நிற்பதே இல்லை. நடுரோட்டில் நின்றுவிடுமோ என்று வயிற்றைக் கலக்குகிறது. மழை வந்தால் பயம். பெட்ரோல் வண்டிக்கு ஈடு கிடையாது.

அவன் நம்பிவிட்டான். அவளுக்கு உயிர் வந்தது.

"அப்ப இதையே வெச்சுக்கறனுங்க. பெல்ட்ட மட்டும் நாளைக்கு மாத்திப்போடறேன். உங்க வீட்டு முன்னால கத்தறப்ப எனக்கே கூச்சமா இருக்குதுங்க. சார் வேற மேலுக்கு முடியாம இருக்காரு."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஏன் என்று கேட்பான். புருஷனுக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது.

அதற்குள் அவன் கியர் போட்டுவிட்டான்.

பின்னாலேயே போனாள். வேகத்தடையில் பெல்ட் வழக்கம்போலக் கத்தியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

"வந்துட்டியா."

"வந்துட்டேங்க."

அருகில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்ததும் காப்பி போடப் போவது அவள் வழக்கம்.

இன்று எழுந்திருக்கவில்லை.