நாற்பது பூட்டுத் தொழிற்சாலைகள்

முற்பகல் வெயில் அச்சக மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. நாட்டின் சுங்கவரி வரலாற்றைக் கூறும் அரசு நூலின் மெய்ப்பைப் பிழைதிருத்துபவள் உற்றுநோக்குகிறாள். 'இறக்குமதித் தீர்வை நீக்கப்பட்ட ஆண்டில் நாற்பது பூட்டுத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன' என்னும் வாக்கியத்தை அமைச்சக அதிகாரி சிவப்பு மையால் அடித்திருக்கிறார். அவற்றுள் ஒன்றில்தான் அவள் கணவர் சாவி அராவிக்கொண்டிருந்தார். "எடுத்துடும்மா, வேலைக்கு உலை வச்சுக்காதே" என்று மேலாளர் காதோடு கெஞ்சுகிறார். "மூடினது நிஜந்தானே சார்? பொய்யா இருந்தா நானே அடிச்சிருப்பேன்." "அந்த அதிகாரி மறுபடியும் அடிப்பாரும்மா." "அடிக்கட்டும், மையாவது செலவாகட்டும்." பின்னால் இயந்திரம் தடதடக்கிறது. அடித்த சொற்கள் அப்படியே நிற்கவேண்டுமெனில் அவற்றின் கீழே புள்ளிகள் இடுவது அச்சக வழக்கம். அவள் பேனாவின் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு சொல்லின் கீழும் நிதானமாகப் புள்ளியிடுகிறாள். ஓரத்தில், எவரும் கேளாமலே, தன் முழுப்பெயரையும் எழுதுகிறாள்.